“சாமானை எடுத்துக்கிறேன்”: ‘ரோலிங் தண்டர்’ படத்தை நாங்கள் ஏன் கொண்டாடுகிறோம்

காரைக்குடியில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் பழைய படம் பார்க்கிறவர்கள். போன மாதம் போட்டது ‘ரோலிங் தண்டர்’. 1977இல் வந்த அமெரிக்கப் படம். அன்றைக்கு முதல்முறையாக வந்திருந்த தம்பி ஒருவர் மறுநாள் இரண்டு கேள்வி அனுப்பியிருந்தார்.

முதல் கேள்வி: “முக்கால் படம் அந்த ஆள் முகத்தை இறுக்கமா வச்சுக்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கான். சண்டைன்னா கடைசிப் பத்து நிமிஷம்தான். இதை ஏன் இப்படித் தூக்கி வச்சுக் கொண்டாடுறீங்க?” இரண்டாவது: “எங்க பெரிய மாமா மிலிட்டரியில இருந்து வந்தவர். அவரோட உட்கார்ந்து இதைப் பார்க்கலாமா?”

இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், தம்பி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மேஜர் சார்லஸ் ரேன் வியட்நாமில் எதிரியிடம் பிடிபட்டு ஏழு வருஷம் சிறையிலும் சித்திரவதையிலும் இருந்துவிட்டு, 1973இல் டெக்ஸாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோவுக்குத் திரும்பி வருகிறான். வில்லியம் டிவேன் நடித்தது. அந்த வருஷம் நிஜமாகவே 591 அமெரிக்கக் கைதிகளை வடக்கு வியட்நாம் தரப்பு விடுவித்தது. அந்தப் பின்னணியில்தான் கதை தொடங்குகிறது. படத்தின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். 1965 முதல் 1968 வரை வடக்கு வியட்நாம்மீது அமெரிக்கா நடத்திய குண்டுவீச்சுக்கு அதுதான் பெயர். ஊர் மேளதாளத்தோடு ரேனை வரவேற்கிறது. வீட்டில் மனைவி வேறொருவரோடு வாழ்க்கையை அமைத்துக்கொண்டுவிட்டாள். மகனுக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. ஊர் பரிசாகக் கொடுத்த வெள்ளி நாணயங்களுக்காக நாலு பேர் வீட்டுக்குள் புகுந்து, அவன் கையைச் சிதைத்து, மனைவியையும் மகனையும் சுட்டுவிட்டுப் போகிறார்கள். பிழைத்து எழுந்த ரேன், கை இருந்த இடத்தில் இரும்புக் கொக்கியை மாட்டிக்கொண்டு அவர்களைத் தேடி மெக்சிகோ எல்லையைத் தாண்டிப் போகிறான். ஜான் ஃபிளின் இயக்கியது. கதை பால் ஷ்ரேடர். திரைக்கதையில் அவரோடு ஹேவுட் கூல்டும் வேலை செய்தார்.

கதையாகச் சொன்னால் நூறு பழிவாங்கல் படங்களில் ஒன்று. நம் ஊரில் இதையே எடுத்திருந்தால் இடைவேளையில் குடும்பம் செத்திருக்கும், ஹீரோ வானத்தைப் பார்த்துக் கத்தியிருப்பார், இரண்டாம் பாதி முழுக்க ஒவ்வொருவராக விழுந்திருப்பார்கள். ரேன் ஒரு இடத்தில்கூடக் கத்துவதில்லை. செத்துப்போன மனைவிக்காக அழுகிற காட்சிகூடக் கிடையாது. தம்பிக்கு அது குறையாகப் பட்டிருக்கிறது. எங்களுக்கு அதுதான் படம். இவன் உள்ளே எல்லாம் முடிந்துபோய்த்தான் அந்த விமானத்தை விட்டு இறங்குகிறான். பழிவாங்கக் கிளம்புவது கோபத்தினால் இல்லை. தனக்குத் தெரிந்த ஒரே வேலை திரும்பக் கிடைத்துவிட்டதால் கிளம்புகிறான்.

இது எனக்கு எங்கிருந்து பிடிபட்டது என்று சொல்ல வேண்டும்.

என் அப்பா கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கு எழுதியவர். அந்தக் குடும்பம் சென்னைக்குப் போன பிறகு வீட்டுச் சாவிக்கொத்து அப்பாவிடம் இருந்தது. நாங்கள் பின்கட்டில் குடியிருந்தோம். செட்டிநாட்டு வீடு பார்த்தவர்களுக்குத் தெரியும்: இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். நடுவில் வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. எல்லா நிலைக்கதவும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். எல்லாவற்றையும் திறந்துவைத்தால் முகப்பில் நின்று பின்தெருவில் போகிற மாட்டைப் பார்க்கலாம்.

என் சித்தப்பா பட்டாளத்தில் இருந்தவர். இலங்கைக்குப் போன அமைதிப்படையில் அவருடைய பட்டாலியனும் போயிற்று. 1987 ஜூலைக் கடைசியில் போன படை 1990 மார்ச் 24 அன்று முழுதாக வெளியேறியது. இந்தியத் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே செத்துப்போனார்கள். சித்தப்பா ராமேஸ்வரம் ரயிலில் காலையில் வந்து காரைக்குடியில் இறங்கினார். அழைத்துவர நானும் அப்பாவும் போயிருந்தோம். கருப்பு டிரங்குப் பெட்டி ஒன்று, அதன்மேல் வெள்ளைப் பெயின்டில் நம்பரும் பெயரும். மாலையும் இல்லை, மேளமும் இல்லை. தமிழ் பேசுகிற ஊரிலேயே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தவரிடம் என்ன கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி அம்மா உள்ளே பாய் விரித்தார். சித்தப்பா பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முகப்புத் திண்ணைக்குப் போய்விட்டார். “அண்ணி, எல்லாக் கதவையும் திறந்தே போட்டுருங்க” என்றார். காற்றுக்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்தோம். பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது: அந்தத் திண்ணையில் ஒரு தூணை ஒட்டி உட்கார்ந்தால் இந்த வாசலும் தெரியும், பின்வாசலும் தெரியும். வீட்டிலேயே அப்படி ஓர் இடம் அது ஒன்றுதான். வந்த அரை நாளில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

இப்போது படத்துக்கு வருகிறேன். மனைவியின் விஷயம் தெரிந்த பிறகு ரேன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் படுக்கப் போகிறான். அந்த அறை ஏறக்குறையச் சிறையறை. விடியும் முன் எழுந்து, சிறையில் செய்த உடற்பயிற்சியைச் செய்கிறான். யாரும் அவனை அங்கே அடைக்கவில்லை. அவனுக்குத் தூக்கம் வருகிற அளவிலான இடம் அதுதான். ஜார்டன் குரோனன்வெத்தின் கேமரா அந்த அறையை இருட்டோடு இருட்டாகக் காட்டுகிறது. ஒரு முகம், ஒரு கை, அவ்வளவுதான் வெளிச்சம். இவர்தான் ஐந்து வருஷம் கழித்து ‘பிளேட் ரன்னர்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். இருட்டை இவ்வளவு அழுத்தமாகப் படம்பிடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

அந்தக் கொட்டகையில் ஒரு காட்சி இருக்கிறது. தம்பி அதை “பேசிக்கிட்டே இருக்காங்க” என்று எழுதியிருந்தார். மனைவி கட்டிக்கொள்ளப் போகிற ஆள் கிளிஃப், உள்ளூர்ப் போலீஸ்காரன். நல்லவன். பேசித் தீர்க்கலாம் என்று வருகிறான். சிறையில் என்ன செய்தார்கள் என்று பேச்சு வருகிறது. ரேன் ஒரு கயிற்றை எடுத்து, தன் கைகளைப் பின்னால் கட்டி மேலே இழுக்கச் சொல்கிறான். இன்னும், இன்னும் என்கிறான். இழுக்கிற கிளிஃபுக்கு வேர்க்கிறது. வலி தாங்குகிறவன் அமைதியாக இருக்கிறான். அப்புறம் ரேன் சொல்கிறான், அந்தக் கயிற்றை நேசிக்கப் பழகிக்கொள்ள வேண்டும், அப்படித்தான் அவர்களை ஜெயிக்க முடியும் என்று. இந்த வாக்கியம் சிறையில் அவன் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. வீட்டில் அதே வாக்கியம் அவனை யாரோடும் வாழ முடியாதவன் ஆக்கிவிட்டது. வலியை நேசிக்கப் பழகிய மனுஷன் வேறு எதை நேசிப்பான்? இந்த இரண்டு நிமிஷத்துக்காகவே நான் இந்தப் படத்தை ஆறு தடவை பார்த்திருக்கிறேன்.

வெள்ளி நாணயங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணக்குப்பிள்ளை வீட்டுப் பையன் அதை விட்டுவிட்டுப் போக முடியாது. விழா மேடையில் அவனுக்கு ஒரு சிவப்புக் கேடிலாக் காரும் 2,555 வெள்ளி டாலரும் கொடுக்கிறார்கள். 365ஐ ஏழால் பெருக்கிப் பாருங்கள். சிறையில் கழிந்த நாளுக்கு ஒரு காசு என்ற கணக்கு. எல்லோரும் கைதட்டுகிறார்கள். ரேன் நன்றி சொல்கிறான். போனதைத் திருப்பித் தர முடியாதவர்கள் அதைக் காசாக்கித் தருகிறார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் அந்தக் காசுதான் திருடர்களை வீட்டுக்குக் கூட்டிவருகிறது. அப்பா இருந்திருந்தால் பேரேட்டில் இதை எந்தப் பக்கம் எழுதியிருப்பார் என்று ஒவ்வொரு தடவையும் யோசிப்பேன்.

திருடர்கள் அடிக்கும்போது காசு எங்கே என்று ரேன் சொல்வதில்லை. பெயர், பதவி, சர்வீஸ் நம்பர், அவ்வளவுதான் வாயிலிருந்து வருகிறது. சமையலறைத் தொட்டியில் கழிவை அரைக்கிற இயந்திரத்துக்குள் கையை விடுகிறார்கள், அப்போதும் அப்படித்தான். “காசுதானே, கொடுத்துத் தொலைய வேண்டியதுதானே” என்று நம் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகவே கேட்டார். நியாயமான கேள்வி. அவன் அந்த நேரம் சமையலறையில் இல்லை, வடக்கு வியட்நாமின் ஹனாய்ச் சிறையில் இருக்கிறான். அடிக்கிறவனுக்கு ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று ஏழு வருஷம் பழகிய உடம்பு அது. அந்தப் பழக்கத்தின் விலையைத்தான் அவன் மனைவியும் மகனும் கொடுக்கிறார்கள். இது எவ்வளவு கொடுமையான விஷயம் என்று படம் வாய்விட்டுச் சொல்லுவதே இல்லை. ரேனும் சொல்லுவதில்லை. கொக்கியைத் தீட்டுகிறான்.

மகன் விஷயம் நம் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் நெருக்கம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்கப் போன செட்டியார்களும் ஏஜென்டுகளும் மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊருக்கு வந்தவர்கள். போகும்போது வயிற்றில் இருந்த பிள்ளை, வரும்போது முகப்பில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். வந்தவரைப் பார்த்து “ஆத்தா, யாரோ வந்திருக்காக” என்று உள்ளே ஓடிய கதைகள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. சின்ன வயதில் அதைச் சிரிப்புக் கதையாகத்தான் கேட்டேன். ரேன் தன் மகனிடம் பேசத் தெரியாமல் நிற்கிறதைப் பார்த்த பிறகு அந்தக் கதைகளில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இனி, ரசிகர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம். டாமி லீ ஜோன்ஸ். அப்போது அவருக்கு முப்பது வயசு சுமார், இன்னும் பெரிய நட்சத்திரம் ஆகாத காலம். அவர் நடித்தது ஜானி வோடன் என்ற ராணுவ வீரனாக, ரேனோடு சிறையில் இருந்து ஒன்றாகத் திரும்பியவன். படம் முழுக்க அவனுக்குக் காட்சிகள் கொஞ்சம்தான், வசனம் அதைவிடக் கொஞ்சம். ரேன் அவனைத் தேடி எல் பாசோவில் அவன் வீட்டுக்குப் போகிறான். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பாசத்தோடுதான். வோடன் நடுவில் உட்கார்ந்திருக்கிறான், வேறொரு வீட்டு விசேஷத்துக்கு வந்தவனைப்போல. கூட்டம் சற்று விலகியதும் ரேன் சொல்கிறான்: “அவங்களைக் கண்டுபிடிச்சுட்டேன்.” “யாரை?” “என் மகனைக் கொன்னவங்களை.” வோடன் யோசிக்கவில்லை. எத்தனை பேர், எங்கே, போலீஸுக்குச் சொன்னாயா, ஒன்றும் கேட்கவில்லை. “சாமானை எடுத்துக்கிறேன்” என்கிறான்.

அவ்வளவுதான் காட்சி. எங்கள் மொட்டைமாடியில் இந்த இடம் வந்தால் டம்ளர் சத்தம்கூடக் கேட்காது.

நட்புக்காகப் போகிறான் என்று சிலர் சொல்வார்கள். பாதி சரி. அந்த வரியைச் சொல்லும்போது ஜோன்ஸின் முகத்தைக் கவனியுங்கள். படத்தில் முதல்முறையாக அந்த முகத்தில் ஒரு தெளிவு வருகிறது. சொந்த வீட்டில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தவனுக்குக் கதவு திறந்துவிட்டது. இரண்டு பேரும் ராணுவச் சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருக்கும். பார்க்கிற நமக்குச் சந்தோஷமும் வருகிறது, சந்தோஷப்பட்டுவிட்டோமே என்ற சங்கடமும் கூடவே வருகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் வரவைக்கிற வரியை எழுதுவதும், அதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லவைப்பதும் லேசுப்பட்ட காரியமா?

இந்தப் படம் வெளிவந்த விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. தயாரித்த டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் முன்னோட்டக் காட்சி போட்டபோது, அந்தக் கை சிதைகிற காட்சியைப் பார்த்து ஜனங்கள் கொதித்துவிட்டார்கள். ஃபாக்ஸ் பயந்துபோய்ப் படத்தையே அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸுக்குக் கைமாற்றிவிட்டது. அவர்கள்தான் 1977 அக்டோபரில் வெளியிட்டார்கள். அதைத் தூக்கிப் பிடித்தவர்கள் ரசிகர்கள். அவர்களில் முதல் ஆள் குவென்டின் டரன்டினோ. தொண்ணூறுகளில் அவர் தொடங்கிய விநியோக நிறுவனத்துக்கே இந்தப் படத்தின் பெயரை வைத்தார். 2022இல் வந்த அவருடைய சினிமாப் புத்தகத்தில் இதற்குத் தனி அத்தியாயம் உண்டு.

குறையே இல்லாத படம் என்று நான் சொல்லமாட்டேன். எல்லை தாண்டிய பிறகு வருகிற மெக்சிகோக்காரர்கள் பெரும்பாலும் சுடப்படுவதற்காகவே நிறுத்தப்பட்ட முகங்கள். ஷ்ரேடர் முதலில் எழுதிய ரேன் இனவெறி பிடித்தவன், படம் அவனையே கேள்வி கேட்பதாக இருந்தது. திருத்தி எழுதியபோது அது போய்விட்டது. ஃபாசிசத்தைப் பற்றி எழுதியதை ஃபாசிசப் படமாக்கிவிட்டார்கள் என்று அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டிருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் ‘டாக்ஸி டிரைவர்’ எழுதிய கையின் தடம் முழுதாக அழிந்துவிடவில்லை. லிண்டா ஃபோர்ஷே என்ற பெண் பாத்திரம் அதற்குச் சாட்சி. ரேன் சிறையில் இருந்தபோது அவன் பெயர் பொறித்த வளையத்தைக் கையில் போட்டுக்கொண்டு காத்திருந்தவள். எங்கே போகிறோம் என்று சொல்லாமலே அவளைக் கூட்டிக்கொண்டு போகிறான். விஷயம் புரிந்ததும் அவள் கேட்கிற கேள்விகள்தான் படத்தில் ஒரு சாதாரண மனுஷி கேட்கிற கேள்விகள். லிண்டா ஹேன்ஸ் அதைக் களைப்போடும் பாசத்தோடும் நடித்திருக்கிறார். அவளை விடுதியில் தூங்கவிட்டுவிட்டு அவன் தனியாகக் கிளம்புகிற காட்சியை யாரும் அதிகம் பேசுவதில்லை. வாழ ஒரு வழி இருந்தது, அதைத் தாண்டி நடந்து போய்விட்டான் என்பது அங்கேதான் தெரிகிறது.

1982இல் வந்த முதல் ராம்போ படத்தோடு பலர் ஒப்பிடுகிறார்கள். அது எனக்கும் பிடிக்கும். ஆனால் ராம்போ கடைசியில் உடைந்து அழுது எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறான், நாமும் நிம்மதியாக எழுந்து போகலாம். ரேன் கொட்டுவதே இல்லை. குண்டடிபட்டுக் கிடக்கும் வோடனைத் தூக்கி, “வீட்டுக்குப் போவோம், ஜான்” என்கிறான். எந்த வீட்டுக்கு? தொடக்கத்தில் விமானம் இறங்கும்போது வந்த சான் அன்டோனியோ பாட்டே திரும்ப வருகிறது. முதலில் கேட்டபோது ஊர்ப்பாசமாக இருந்த பாட்டு, இரண்டாம் தடவை அடிவயிற்றைப் பிசைகிறது.

இனி இரண்டாவது கேள்வி. மாமாவோடு பார்க்கலாமா?

நான் பார்த்தேன். 2011இல், அதே முகப்பில், லேப்டாப்பில். சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை, நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். கயிற்றுக் காட்சி வந்ததும் எழுந்து போய்ப் பின்வாசல் கதவைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நிறுத்தட்டுமா என்றேன். “ஓடட்டும்” என்றார். வோடன் வீட்டுக் காட்சியில், “இப்ப என்ன சொன்னான்?” என்று கேட்டார். சாமானை எடுத்துக்கிறேன் என்கிறான் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “எடுக்க என்ன இருக்கு. கட்டியேதான் வச்சிருப்பான்” என்றார்.

திண்ணைக்குக் கீழே அவருடைய டிரங்குப் பெட்டி இருந்தது. இருபத்தோரு வருஷமாக அதே இடம். சீருடை, போர்வை, சவரச் சாமான், ஷூ பாலிஷ் எல்லாம் உள்ளே மடித்து அடுக்கி இருந்ததை அவர் போன பிறகுதான் பார்த்தோம். பாலிஷ் டப்பா புதுசு.

அதனால் தம்பி, பார்க்கலாம். ஆனால் முன்கூட்டியே மாமாவிடம் சொல்லிவிடுங்கள்: ஒரு கயிற்றுக் காட்சி இருக்கிறது, ஒரு கை சிதைகிற காட்சி இருக்கிறது, ஒரு சின்னப் பையன் சாகிறான் என்று. வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். சரி என்றால் கூட்டத்தோடு வேண்டாம், நீங்கள் இரண்டு பேர் மட்டும் பாருங்கள். நடுவில் எழுந்து போனால் படத்தை நிறுத்திவிட்டு, கூப்பிடாமல் காத்திருங்கள். “அங்கே என்ன நடந்துச்சு மாமா?” என்று படம் முடிந்த கையோடு கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்காலியை மட்டும் நீங்கள் போடாதீர்கள். எங்கே உட்கார வேண்டும் என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.